கிளைடர் பதிவை வைத்துக் கச்சான் காற்றைப் படிக்க முடியுமா?

உப்புவெளியான்:
ஆனி, ஆடியில் இங்கே திருகோணமலையில் கச்சான் அடித்தால் கொடியில் போட்ட துணி கொஞ்ச நேரத்திலேயே மொறுமொறுவென்று காய்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிறது, அது சரி. வெளிநாடுகளில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டிகளின் ஜீபிஎஸ் கோப்பை வைத்தே மலைக்காற்றை ஆராய்கிறார்களாம். கோப்பில் நேரமும் இடமும் உயரமும்தானே இருக்கு, காற்றை எப்படி எடுக்கிறார்கள்?

வால்காற்று:
வட்டத்தைப் பாருங்கள் தம்பி. கிளைடர் வெப்பக்காற்றில், அதாவது தரை சூடாகி மேலெழும் காற்றில், சுற்றி ஏறும்போது காற்றோடு போகும் பக்கம் தரைவேகம் மணிக்கு 120 கி.மீ., எதிர்ப்பக்கம் 60 என்றால், வித்தியாசத்தில் பாதி, 30, அதுதான் காற்றின் வேகம். திசையும் அதிலேயே வந்துவிடும். மேலே போகும் காற்றுக்கு இன்னொரு கணக்கு: அமைதியான காற்றில் அந்த ரகக் கிளைடர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது தெரிந்ததுதான், விநாடிக்கு 0.7 மீட்டர் என்று வையுங்கள். அது 2 மீட்டர் ஏறினால் காற்று 2.7 ஏறுகிறது.

மலையடிவாரம்:
வட்டக் கணக்கு வெப்பக்காற்றுக்குத்தான் சரி. மலையைத் தாண்டிய காற்று அதன் பின்னால் ஏறி இறங்கி உண்டாக்கும் அலையில் யாரும் சுற்றுவதில்லை, காற்றைப் பார்த்தபடி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பார்கள், அப்போது காற்றுவேகமானி (சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுக் கிளைடரின் வேகத்தைக் காட்டும் கருவி) பதிவும் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். அப்புறம், ஓட்டி வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினாலும் உயரம் கூடும், அதைக் காற்று தூக்கியது என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய சிக்கல், ஏற்றம் கிடைக்கிற இடத்துக்குத்தான் ஓட்டிகள் போவார்கள். இறங்குகிற காற்றைப் பற்றிப் பதிவு குறைவு. உங்களுக்கு வேண்டியதோ அந்த இறங்குகிற காற்று!
இது புதுசும் இல்லை. அலையை 1933-இல் ஐரோப்பாவின் ரீசன்கெபிர்கே மலையில் கிளைடரில் போய்த்தான் கண்டார்கள். அதன் பிறகு குயட்னர் என்ற ஜெர்மன்காரர் கிளைடர்களின் பரோகிராஃப் (காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைப் பதியும் கருவி) தாள்களைச் சேர்த்து அதை ஆராய்ந்தார். 1951-52-இல் கலிஃபோர்னியாவின் சியர்ரா மலையில் நடந்த ஆய்விலும் அவர் இருந்தார்.

உப்புவெளியான்:
கிளைடருக்கு நாங்கள் எங்கே போக?

வால்காற்று:
அல்ப்ஸ் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், கணக்கை அதில் பழகுங்கள். கச்சானுக்கு நுவரெலியா, திருகோணமலை இரண்டு நிலையங்களின் வெப்பநிலை, ஈரப்பதத்தை ஒரே நாளுக்கு ஒப்பிட்டாலே நிறைய தெரியும். மலையில் மழை பெய்யாத கச்சான் நாள்களையும் விடாமல் எடுங்கள், மழை இல்லாமலும் மேலிருந்து இறங்கும் காற்று சூடாகும்.