பேராதனை நூலகத்தில் ஐயாவின் ஊஞ்சற் பாட்டு

பேராதனையில் படித்தவர்கள் எழுதுகிற இந்தக் குழுவில் நானும் ஒரு கதை சொல்கிறேன்: எங்கள் ஐயா, அதாவது அப்பா, அடிப்பித்த ஊஞ்சற் பாட்டுப் புத்தகம் அங்கத்தைய நூலகத்தில் கிடைத்த கதை. நான் 1974ல் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைக்கு எடுபட்டவள். எங்கள் பட்டச் சான்றிதழில் பேராதனைப் பல்கலைக்கழகம் என்று இருக்காது. 1972ல் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கி இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஆக்கியிருந்தார்கள். பேராதனை அதில் ஒரு வளாகம். 1978ல்தான் திரும்பப் பிரித்தார்கள். அதனால் எங்கள் காலத்து ஆட்களுக்கு இன்றைக்கும் அது "கம்பஸ்"தான்.

படித்து முடித்தபின் அந்தப் பக்கம் போகக் கிடைக்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தேன், இடம்பெயர்ந்தேன், அப்புறம் கனடா. போன வருடம் ஊருக்குப் போயிருந்த நேரம் தம்பியின் மகளுக்குப் பேராதனைக் கலைப்பீடம் கிடைத்திருந்தது. "மாமி, நீங்களும் வாங்கோவன், உங்களுக்கு எல்லா இடமும் தெரியும்தானே" என்றாள். வெளிக்கிட்டுவிட்டேன்.

வான் பிடித்துப் போகலாம் என்று தம்பி சொன்னான். எனக்கு ரெயினில் போகத்தான் விருப்பம். யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, கண்டி ரெயினுக்கு மாறிப் போவதுதான் எங்கள் வழக்கம். 1990ல் நின்றுபோன ரெயின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014ல். இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பாதையைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள். ரம்புக்கனை தாண்டி மலையேறத் தொடங்கியதும் பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு யன்னலோடு ஒட்டிக்கொண்டாள். கடுகண்ணாவை வரும்வரை கதையே இல்லை.

மெதுவான ரெயின் என்றால் பேராதனைச் சந்திக்கு அடுத்த சரசவி உயனவிலும் நிற்கும். அங்கே என் அறைச் சிநேகிதி காத்துக்கொண்டு நின்றாள். கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெண். இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

1960இலிருந்தே கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வரலாறுதான் படித்தோம். ஆனால் ஒரே விரிவுரையில் ஒரு நாளும் இருந்ததில்லை. எங்களுக்குத் தமிழில் பத்மநாதன் சேர் எடுப்பார். அவளுக்குச் சிங்களத்தில் வேறு ஆள். பகல் முழுக்க இரண்டு கம்பஸ் மாதிரி. இரவில் பெண்கள் விடுதியான சங்கமித்த ஹோலில் ஒரே அறை. பொலன்னறுவைக் காலம் பற்றி அவள் எழுதிவந்த குறிப்பையும் நான் எழுதிவந்த குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதிச் சிங்களம் பாதி இங்கிலீசில் இரண்டு பேரும் தர்க்கம் பண்ணுவோம். சோழர் வந்தது அவளுடைய கொப்பியில் ஒரு விதம், என்னுடையதில் இன்னொரு விதம். எது சரி என்று பார்க்க அடுத்த நாள் நூலகத்துக்கு ஓடுவோம். வரலாறு படிப்பது எப்படி என்று நான் பழகியது அந்த அறையில்தான். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1952ல் பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்குக் கொண்டுவந்தபோது மாணவர்கள் தங்கிப் படிக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். அதற்காக அந்த மனுசனுக்கு நான் நன்றியுள்ளவள்.

சங்கமித்த மேட்டில் இரண்டு கிழவிகளும் நின்று நின்று ஏறினோம். ரொபரோசியா மரங்கள் பூக்கிற காலம். தார் றோட்டு முழுக்க ரோசா நிறம். நாங்கள் படித்தது பாணுக்கு வரிசையில் நின்ற காலம், ஹோல் சாப்பாட்டில் பருப்பு தண்ணீராக ஓடும். இருந்தாலும் இந்த மேட்டை ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்போம்! அறைக்குள் போக விடவில்லை, அது நியாயம்தான். வெளியில் நின்ற பிள்ளைகளோடு கதைத்தோம். என் சிநேகிதி சிங்களத்தில் கேட்க, என் மருமகள் இங்கிலீசில் பதில் சொல்ல, நான் நடுவில் நின்றேன். கட்டாயம் சிங்களம் பழகு, உன்னுடைய அறைப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்று அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன்.

செனற் கட்டடம், வளா என்கிற திறந்தவெளி அரங்கு, குறிஞ்சிக் குமரன் கோயில் எல்லாம் போனோம். அவற்றைப் பற்றி இங்கே மற்றவர்கள் வடிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் எழுத வந்தது நூலகத்தைப் பற்றி.

எங்கள் ஐயா ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். எங்கள் பிள்ளையார்மேல், சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாடுகிற ஊஞ்சல் பாடி 1958ல் யாழ்ப்பாணத்தில் சின்னப் புத்தகமாக அடிப்பித்தார். நான் கம்பஸில் படித்த காலத்தில் வீட்டு அலுமாரியில் அது கட்டுக்கட்டாகக் கிடந்தது. யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குக் கொடுத்த பிரதி 1981ல் நூலகத்தோடு எரிந்தது. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது உடுப்பும் காணி உறுதியும்தான் கையில் எடுத்தோம். திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. பூங்காவனத் திருவிழாவில் முதல் இரண்டு பாட்டை மட்டும் ஊரில் பாடமாகப் பாடுவார்கள், மிச்சம் ஒருவருக்கும் தெரியாது. ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைக்கிற "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பல தரம் தேடினேன், இல்லை. ஊர்ச் சனத்திடமும் விசாரித்துப் பார்த்தாயிற்று.

பேராதனை நூலகம் சட்டப்படி பிரதி பெறுகிற நூலகங்களில் ஒன்று. நாட்டில் எந்த அச்சகம் புத்தகம் அடித்தாலும் அரசாங்கத்துக்குப் பிரதிகள் கொடுக்கவேண்டும்; அதில் ஒன்று பேராதனைக்குப் போகும். எல்லா அச்சகமும் ஒழுங்காகக் கொடுத்திருக்கும் என்று சொல்லமுடியாது. இருந்தாலும் கேட்டுப் பார்ப்போம் என்று போனேன்.

கடவுச்சீட்டைக் காட்டி, பழைய மாணவி என்று சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் இளம் முஸ்லிம் பிள்ளை. ஐயாவின் பெயரைச் சொன்னதும், "அம்மா, தலைப்பெழுத்து என்ன? ஊர்ப் பெயரோடு போட்டிருப்பார்களா?" என்று கேட்டார். பழைய யாழ்ப்பாணப் புத்தகங்களில் ஊர்ப் பெயர்தான் முதலில் வரும், அது அவருக்குத் தெரிந்திருந்தது. கணினியில் இல்லை. பொறுங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனவர் வரக் கனநேரம் எடுத்தது. வரும்போது கையில் ஒரு கட்டு இருந்தது. சின்னச் சின்னக் கோயில் பிரபந்தங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

ஐயாவுடையது நடுவில் இருந்தது. பதினாறு பக்கம், தாள் பழுப்பேறி ஓரம் நொறுங்குகிற நிலை. முகப்பில் ஐயாவின் பெயர், அச்சகத்தின் பெயர், விலை சதம் 25, மூலையில் நூலகத்தின் முத்திரை. உள்ளே காப்பு, பத்து விருத்தம், ஒவ்வொன்றும் "ஆடீர் ஊஞ்சல்" என்று முடிகிறது. பிறகு எச்சரிக்கை, பராக்கு, மங்களம் என்கிற பாட்டுகள். கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம்! அதை ஒரு தனிப் பக்கமாகப் போடவேண்டும் என்று ஐயா அச்சகத்தாரோடு சண்டை பிடித்த கதையை அம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறா. ஒரேயொரு ஒற்றுப்பிழை இருக்கிறது என்றாலும் விடமாட்டார்.

நான் அழுதுவிட்டேன். சிநேகிதிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் ஐயாவைத் தெரியும்; விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றவள். முகப்பைத் தொட்டு "தாத்தாகெ நம த?" என்று கேட்டாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஓம், அவருடைய பெயர்தான் என்றேன்.

தாள் தாங்காது என்று போட்டோக்கொப்பி எடுக்க விடவில்லை. போனில் படம் எடுக்க அனுமதி தந்தார்கள்; மருமகள் பதினாறு பக்கத்தையும் நிழல் விழாமல் எடுத்தாள். அன்றிரவே தம்பிக்கு அனுப்பினோம். அவன் கோயில் ஆட்களோடு கதைத்துத் தட்டெழுதி, பிழைதிருத்தத்தில் உள்ளதையும் சேர்த்து, இந்த வருடப் பூங்காவனத்துக்கு அச்சடித்துவிட்டான். பத்துப் பாட்டும் பாடினார்கள். நான் கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்தேன். நூலகம் இணையத்தளத்துக்கும் படங்களை அனுப்பியிருக்கிறோம்.

இங்கே வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்பாவோ அப்பப்பாவோ ஏதாவது அடிப்பித்து, பிரதி இல்லாமல் போயிருந்தால், பேராதனைக்குப் போகிறபோது நூலகத்தில் கேளுங்கள். ஆசிரியர் பெயரை ஊர்ப் பெயரோடும் இல்லாமலும் எழுதிக்கொண்டு போங்கள். அச்சகத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. கணினியில் இல்லை என்று சொன்னால், சின்னப் பிரசுரங்களைக் கட்டி வைத்திருக்கிற கட்டுகளைப் பார்க்கமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தேட நேரம் எடுக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.