மோடு 0755: மேற்கோள்குறி போடணுமா, வேண்டாமா?

கருந்திரை: "சொந்த ஸ்கிரிப்டை எல்லா சர்வருக்கும் அனுப்ப ஆன்சிபிள் காப்பி மாட்யூல்ல மோடு 755னு போட்டா வேலை முடிஞ்சது"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. ஆன்சிபிள்ங்கறது பல சர்வரை ஒரே இடத்துல இருந்து அமைக்கிற கருவி; காப்பி மாட்யூல் அதுல ஃபைலை அனுப்புற பகுதி. மோடுங்கறது ஃபைலை யார் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்னு சொல்ற எண், அது ஆக்டல்ல (எட்டடிமானத்துல) இருக்கணும். வெறும் 755ஐ யாமல் (ஆன்சிபிளுக்கு எழுதுற ஃபைலோட வடிவம்) டெசிமலா, அதாவது சாதாரண பத்தடிமான எண்ணா எடுத்துக்கும். ஆக்டல்ல அது 1363. ஓனருக்குப் படிக்கிற அனுமதி போயிடும், கண்டவனுக்கும் எழுதுற அனுமதி வந்துடும். இதுக்குப் பேரு வேலை முடிஞ்சதா?

நாற்பதுசர்வர்: எழுதினது நான்தான். ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு, அதுக்கு இவ்வளவு ஆட்டமா? என் பேக்கப் ஸ்கிரிப்ட் 40 சர்வர்ல ஓடிக்கிட்டுதான் இருக்கு.

கருந்திரை: ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) ஓட்டுது, அதனால ஓடுது. ரூட்டுக்குப் படிக்கிற அனுமதி இருக்கான்னு சிஸ்டம் பார்க்கவே பார்க்காது. வேற யூசர்ல ஓட்டிப் பாருங்க, 'பெர்மிஷன் டினைட்'னு மூஞ்சியில அடிக்கும். மோடை மேற்கோள்குறிக்குள்ள '0755'னு போடுங்க.

நாற்பதுசர்வர்: முன்னாடி பூஜ்யம் இருந்தா குறி எதுக்கு? ஆன்சிபிள் யாமல் 1.1 முறையிலதான் படிக்குது, அதுல பூஜ்யத்துல ஆரம்பிச்சா ஆக்டல். நானும் படிச்சவன்தான்.

கருந்திரை: பாதி படிச்சிருக்கீங்க. லூப்புக்குள்ள (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுற இடம்) மோடைக் கொண்டுவந்தா அந்தப் பூஜ்யம் வேலை செய்யாம போகலாம்னு ஆன்சிபிள் ஆவணத்துலயே இருக்கு. குறி போடுங்க.

பொம்மலாட்டம்: பப்பெட்ல (ஆன்சிபிள் மாதிரி இன்னொரு கருவி) இந்தத் தலைவலியே கிடையாது. மோடை ஸ்ட்ரிங்கா, அதாவது எண்ணா இல்லாம குறிக்குள்ள எழுத்தா தரலேன்னா எரர் அடிச்சு நின்னுடும். யாராவது சர்வர்ல புகுந்து ஸ்கிரிப்டைக் கையால மாத்தினாலும் அந்த சர்வர்ல ஓடுற பப்பெட் ஏஜென்ட் அரைமணிக்கு ஒருதரம் வந்து பழையபடி ஆக்கிடும்.

கருந்திரை: பாத்தீங்களா, பப்பெட்டே ஸ்ட்ரிங் கேட்குது! நான் சொன்னதுதான்.

பொம்மலாட்டம்: உங்களுக்கு சாட்சி சொல்ல நான் வரல. போன மாசம் பப்பெட்டை 'செத்த பாம்பு'ன்னு சொன்னவர் நீங்க. மறக்கல.

புதுவரவு: அண்ணே, ஸ்கிரிப்ட் மாட்யூல் இருக்கும்போது காப்பி எதுக்கு?

கருந்திரை: தம்பி, அது ஃபைலைத் தற்காலிகமா வச்சு ஓட்டிட்டு அழிச்சிடும். க்ரான் (குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற நிரல்) தினமும் ஓட்டணும்னா ஃபைல் சர்வர்லயே இருக்கணும். காப்பி, மேற்கோள்குறிக்குள்ள '0755'. பழகும்போதே சரியா பழகு.

நாற்பதுசர்வர்: புதுசா வந்த பையன்கிட்டயும் அதே பாட்டு. உருப்படியா ஒண்ணு நான் சொல்றேன் தம்பி. டெபியன் லினக்ஸ்ல க்ரான்.டெய்லி ஃபோல்டருக்குள்ள போடுற ஸ்கிரிப்ட் பேர்ல புள்ளி இருக்கக் கூடாது. கடைசியில '.எஸ்எச்' (.sh) இருந்தா, அந்த ஃபோல்டர்ல இருக்கறதை ஓட்டுற ரன்-பார்ட்ஸ் சத்தமே இல்லாம தாண்டிப் போயிடும். ரெண்டு வாரம் பேக்கப் இல்லாம கிடந்துதான் இதைக் கத்துக்கிட்டேன்.

கருந்திரை: ரெண்டு வாரம் பேக்கப் ஓடலேன்னு தெரியாம இருந்தவர் எனக்குப் பாடம் எடுக்கறார்.

நாற்பதுசர்வர்: பட்டதைச் சொன்னேன். நீங்க இதுவரைக்கும் எதுலயும் தப்பே பண்ணதில்லையா?

கருந்திரை: மோடுல பண்ணதில்ல. குறி போடுவேன்.

பொம்மலாட்டம்: ரெண்டு பேரும் ப்ளேபுக்கை (ஆன்சிபிள் வேலைகளை எழுதி வைக்கிற ஃபைல்) கிட்ல (Git, ஃபைல் மாற்றங்களைப் பதிவு வைக்கிற கருவி) வச்சிருக்கீங்களா, இல்ல உங்க லேப்டாப்லயா? அதை முதல்ல சொல்லுங்க.

நாற்பதுசர்வர்: கிட்லதான். குறி இல்லாம. அப்படியேதான் இருக்கும்.

கருந்திரை: லூப் போடுற அன்னைக்கு வருவீங்க. அப்ப பேசிக்கலாம்.