பாடசாலை உணவுக்கான மாதாந்தக் கோரிக்கை: எண்ணிக்கையை எங்கே, யார் சரிபார்ப்பது?

உப்புவெளி உத்தியோகத்தர் எழுதியது:

வணக்கம். திருகோணமலை மாவட்டத்திலுள்ள ஒரு வலயக் கல்விப் பணிமனையில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். பாடசாலை உணவு வழங்குநர்களுக்கான கொடுப்பனவுக்காக மாதந்தோறும் வரும் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. 2024 இல் தரம் 1 முதல் 5 வரையான அரச பாடசாலை மாணவர் அனைவருக்கும் உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்ட பின்னர் கோரிக்கைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. பார்ப்பதற்கு இருக்கும் கைகள் கூடவில்லை.

நான் செய்வதெல்லாம் பெருக்கலைச் சரிபார்ப்பதும், அதிபரின் கையொப்பமும் இறப்பர் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், வவுச்சருடன் இணைத்து மேலே அனுப்புவதும்தான். சென்ற மாதம் ஒரு பாடசாலையின் கோரிக்கை கண்ணில் பட்டது. ஆரம்பப் பிரிவில் 84 பிள்ளைகள், பாடசாலை நடைபெற்ற 21 நாட்களும் 84 உணவுகள், மொத்தம் 1,764. வரவு இடாப்பைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக 76 பிள்ளைகளே வந்திருக்கிறார்கள். வராத பிள்ளைகளின் பங்கை வந்த பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. பெருக்கலில் பிழை இல்லை, கையொப்பமும் இருக்கிறது. ஆனாலும் அதை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மேசையில் இருந்துகொண்டு இதை எப்படிக் கட்டுப்படுத்துவது? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்காளர் எழுதியது:

நீங்கள் இடாப்பைக் கேட்டு வாங்கியதே பாதி வேலை. 1,764 இற்கும் இடாப்பின்படி வரும் 1,596 இற்கும் இடையில் 168 உணவுகள் நிற்கின்றன. கணக்கின் வசதிக்காக ஓர் உணவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு சிறிய பாடசாலையில், ஒரே மாதத்தில், 16,800 ரூபாய்க்கு ஆதாரமில்லை.

அமெரிக்காவின் பாடசாலை மதிய உணவுத் திட்டம் 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. அங்கும் பாடசாலைகள் வழங்கிய உணவுகளின் எண்ணிக்கையைக் காட்டியே மத்திய அரசிடம் மீளளிப்புக் கோருகின்றன. கோரிக்கையை அனுப்புமுன் ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும், தகுதியுள்ள பிள்ளைகளின் தொகையை வரவு விகிதத்தால் பெருக்கி வரும் எண்ணுடன் ஒப்பிட வேண்டும் என்று அவர்களுடைய விதி சொல்கிறது. உங்கள் பாடசாலைக்கு வரவு விகிதம் 0.91 என்று கொண்டால் 84 ஐ அதனால் பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 76. ஒரு நாளில் 80 பேர் சாப்பிட்டிருந்தால் அது குற்றமல்ல, காரணம் கேட்க வேண்டிய நாள். 21 நாளும் 84 என்றால் காரணம் கேட்கவே தேவையில்லை, அந்த எண் பரிமாறிய இடத்தில் பிறக்கவில்லை என்பது தெளிவு. அங்கே இலவசம், குறைந்த விலை, முழு விலை என மூன்று வகையாகப் பிள்ளைகளைப் பிரித்து இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டியிருக்கிறது. நம்மிடம் ஒரே வகைதான் என்பதால் வேலை அவர்களுக்கு இருப்பதை விட இலகு.

ஆனால் இந்த ஒப்பீட்டோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த மாதம் அந்தப் பாடசாலை 84 என்று எழுதாது. 76, 77, 75 என்று எழுதும். இடாப்பைப் பார்த்து உணவுப் பதிவேட்டை நிரப்பினால் இரண்டும் அழகாகப் பொருந்தும், நீங்களும் திருப்தியடைவீர்கள். காலையில் வகுப்பில் எடுத்த வரவையோ, அடுக்கிய தட்டுகளின் தொகையையோ உணவு எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்கர்கள் வற்புறுத்துவது இதனாற்றான். பிள்ளையின் கைக்கு உணவு போகும் இடத்தில், போகும் வேளையில் எண்ண வேண்டும். அதோடு அவர்களுடைய விதிப்படி ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 1 ஆம் திகதிக்கு முன் ஒவ்வொரு பாடசாலைக்கும் நேரில் சென்று, எண்ணும் முறையைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். குறை கண்டால் திருத்தச் சொல்லி, 45 நாட்களுக்குள் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு விதிகள் இருந்தும் அங்கே நடந்ததைக் கேளுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நேரடிக் கண்காணிப்புத் தளர்த்தப்பட்டபோது, மின்னசோட்டா மாநிலத்தில் ‘ஃபீடிங் அவர் ஃபியூச்சர்’ என்ற தொண்டு நிறுவனத்தின் பெயரில், பாடசாலைக்கு வெளியே பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டங்களில், சாப்பிடாத பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குக் காட்டினார்கள். 2022 செப்டெம்பரில் 47 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மோசடித் தொகை 250 மில்லியன் டொலர் என்று கூறப்பட்டது. அங்கும் தாள்கள் இருந்தன, பெயர்ப்பட்டியல்கள் இருந்தன, எண்ணிக்கைகள் இருந்தன. போய்ப் பார்த்த ஆள்தான் இல்லை.

நம் நாட்டு நிதிப் பிரமாணங்கள் 136 முதல் 139 வரை அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், பணம் கொடுத்தல் ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்திருப்பதும் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. பாடசாலையில் எண்ணுபவரும் பதிபவரும் கையொப்பமிடுபவரும் ஒருவராகவே இருந்தால், பணிமனையில் நான்கு பேர் கையொப்பமிட்டும் பயனில்லை.

வெருகல் பக்கத்து அதிபர் எழுதியது:

கணக்காளர் ஐயா சொல்வது நியாயம். ஆனால் என்னிடம் இருப்பது என்னையும் சேர்த்து ஆறு பேர். இதில் எண்ணுபவர் ஒருவர், பதிபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று பிரித்தால் வகுப்பில் யார் நிற்பது?

ஆளைப் பிரிக்க முடியாததால் தாளைப் பிரித்தேன். உணவுப் பதிவேட்டை இரட்டைத் தாள் புத்தகமாக்கி, இடையில் காபன் தாள் வைத்து எழுதுகிறோம். பரிமாறி முடிந்ததும் எண்ணை எழுதி, காபன் பதிந்த தாளைக் கிழித்து உணவு கொண்டுவந்த வழங்குநர் அம்மாவிடம் அதே இடத்தில் கொடுத்துவிடுவோம். மாத முடிவில் அவரிடமுள்ள தாள்களின் கூட்டுத்தொகையும் எமது புத்தகத்தின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் தாய் வந்து பரிமாற உதவுகிறார். அவரும் அந்த எண்ணுக்குக் கீழே கையொப்பமிடுகிறார். பிறகு அதே எண்ணை வாசலுக்கு அருகிலுள்ள கரும்பலகையில் எழுதி, பாடசாலை விடும்வரை அழிப்பதில்லை. பிள்ளையைக் கூட்டிச் செல்ல வருபவர்கள் அதைப் படிக்கிறார்கள். வராத தன் பிள்ளையையும் சேர்த்துக் கணக்கு எழுதப்பட்டதா என்று கேட்க ஒரு பாட்டி போதும். எங்கள் ஊரில் அப்படிக் கேட்கக்கூடிய பாட்டிமாருக்குக் குறைவில்லை.

நாட்காட்டியையும் பாருங்கள், உத்தியோகத்தரே. மழைக்காலத்தில் ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகள் நாட்கணக்கில் வர மாட்டார்கள். அந்தக் கிழமையில் எண்ணிக்கை விழாவிட்டால் கேளுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி நாள், தவணையின் கடைசி நாள், 2024 ஜூன் 26 போல ஆசிரியர்கள் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடத்திய நாள் ஆகியவற்றுக்கும் வழக்கமான எண்ணே எழுதப்பட்டிருந்தால் அந்த மாதத்துக் கோரிக்கை முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறை இருப்பதால் அவற்றின் பாடசாலை நாட்கள் வேறு. ஒரே அட்டவணையை வைத்து எல்லோரையும் அளந்தால் நேர்மையானவர்களைத்தான் தொந்தரவு செய்வீர்கள்.

சமையல்காரரின் மகள் எழுதியது:

என் அம்மா சில ஆண்டுகள் ஒரு பாடசாலைக்குச் சமைத்துக் கொடுத்தவர். இங்கே எழுதியவர்கள் எல்லோரும் பரிமாறும் வேளையிலிருந்து தொடங்குகிறீர்கள். எங்கள் வீட்டில் கணக்கு அதிகாலையில், அரிசி களையும்போதே தொடங்கிவிடும்.

84 பிள்ளைகளுக்குச் சமைக்கச் சொல்வார்கள். 70 பேர் வருவார்கள். மிகுந்த 14 பேரின் சோறும் பருப்பும் முட்டையும் யாருடைய கணக்கு? சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே பணம் என்றால் அது அம்மாவின் நட்டம். அத்துடன் காசு கைக்கு வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். அதுவரை கடையில் கடன் கொப்பிதான். கடைக்காரரும் சும்மா கொடுப்பதில்லை. காசுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, கொப்பிக்கு வாங்குபவருக்கு இன்னொரு விலை. இந்த நிலையில், 84 என்றே எழுதுவோம் என்று பாடசாலையில் இரக்கப்பட்டுச் சொன்னபோது அம்மா மறுக்கவில்லை. அது சரியென்று நான் சொல்லவில்லை, ஐயா. உண்மையான எண்ணை எழுதினால் நட்டப்படுபவர் ஒருவர் இருக்கும்வரை அந்த எண்ணை எழுத வைப்பது கடினம் என்றுதான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்காளர் எழுதியது:

மகள், நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கோரிக்கை பணிமனைக்கு வந்த நாளுக்கும் பணம் போன நாளுக்கும் இடையிலான இடைவெளியை நாங்கள் ஒருபோதும் கட்டுப்பாட்டுக் குறைபாடாக எண்ணியதில்லை. அது குறைபாடேதான். தாமதத்தின் செலவை யாரோ எங்கேயோ ஈடுசெய்துகொள்கிறார்கள். எண்ணிக்கை அதற்கு வசதியான இடம்.

உத்தியோகத்தருக்கு இரண்டு ஆலோசனைகள். நாளைக்கு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதை முதல் நாளே அதிபர் எழுத்தில் கொடுக்கட்டும். அந்த எண், கடந்த இரண்டு கிழமைகளில் உண்மையில் சாப்பிட்டவர்களின் சராசரியை ஒட்டியதாக இருக்கட்டும். 84 இற்குப் பதில் 78 என்று கேட்டிருந்தால் மிச்சமே பெரும்பாலும் வந்திராது. இரண்டாவது, கேட்ட எண், பரிமாறிய எண், மிகுந்த எண் என்று பதிவேட்டில் மூன்று நிரல்கள் இருக்கட்டும். மிகுந்ததற்குப் பணம் கொடுப்பதா இல்லையா என்பது வலயப் பணிப்பாளரும் கணக்காளரும் ஒப்பந்தத்தின்படி தீர்மானிக்க வேண்டியது. அதைப் பரிமாறிய எண்ணுக்குள் ஒளித்து வைக்க வேண்டிய தேவை மட்டும் இருக்கக் கூடாது.

உப்புவெளி உத்தியோகத்தர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் பணிமனைக் கணக்காளரின் அனுமதியுடன் மூன்று பாடசாலைகளில் காபன் தாள் முறையையும் மூன்று நிரல்களையும் ஒரு கிழமை நடைமுறைப்படுத்திப் பார்த்தோம். 84 பிள்ளைகள் உள்ள அதே பாடசாலையின் எண்கள் திங்கள் முதல் வெள்ளி வரை 77, 79, 74, 78, 69. ஐந்து நாளுக்கு 420 இற்குப் பதிலாக 377. அதிபர் கோபப்படுவார் என்று எண்ணிப் போனேன். ஒவ்வொரு மாதமும் பயந்துகொண்டு கையொப்பமிட்டதாக அவரே சொன்னார். கோரிக்கைகள் பணிமனைக்கு வந்து சேரும் திகதியைப் பதிவதற்கும் தனிப் பதிவேடு தொடங்கிவிட்டேன். முதற் பக்கத்திலேயே 38 நாள் பழைய கோரிக்கை ஒன்று இருக்கிறது. அது எங்கள் மேசையிலேயே கிடந்தது.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. மற்ற இரு பாடசாலைகளில் ஒன்றின் எண்கள் ஐந்து நாளும் 60, 55, 60, 55, 60. வரவு இடாப்புடன் ஏறத்தாழப் பொருந்துகின்றன. ஒரே பேனை, ஒரே சாய்வு. தாயின் கையொப்பமும் ஐந்து நாளும் ஒருவருடையதே.

ஓய்வுபெற்ற கணக்காளர் எழுதியது:

பிள்ளைகள் ஐந்து ஐந்தாக வருவதில்லை. உணவு வழங்குநரின் கையிலுள்ள தாள்களை அவரிடமே கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றில் காபன் பதிவு இல்லாமல் பேனையால் எழுதியிருந்தால் புத்தகம் பின்னர் நிரப்பப்பட்டது என்று பொருள். அடுத்த களப் பயணத்தை வெள்ளிக்கிழமை, பரிமாறும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.