ஆண் பட்ஜிக் கிளிக்கு மூக்குச்சதை பழுப்பாகி, இடது கால் பிடிக்கவில்லை. கட்டியா? இதன் குஞ்சுகளை ஜோடி போடலாமா?

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நீல நிற ஆண் பட்ஜி, 5 வயசு. மூக்குச்சதை (அலகுக்கு மேலே உள்ள சதை) நல்ல நீலமாக இருந்தது. மூன்று மாதமாகத் திட்டுத் திட்டாகப் பழுப்பேறி, இப்போது பார்த்தால் பெட்டை என்றே சொல்வார்கள். இரண்டு வாரமாக இடது கால் குச்சியைப் பிடிப்பதில்லை, விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. தீனி நன்றாக எடுக்கிறது, ஆனால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்படுகிறது. போன வருஷம் 38 கிராம், இப்போது 31.

பறவைக் கடையில் "சுளுக்குதான், நல்லெண்ணெய் தடவு" என்கிறார்கள். இதன் அப்பா அம்மா ஒரே கூட்டில் பொரித்தவை என்று இப்போதுதான் தெரிந்தது. இதற்கு 2 மகன், 3 மகள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பறவை விற்கும் ஒருவர் "ஜோடியாகக் கொடு" என்று கேட்கிறார். கொடுக்கலாமா?

கூண்டுக்கார அக்கா

தம்பி, முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். இறகில் எண்ணெய் ஏறினால் உடம்புச் சூடு நிற்காது, கோதும்போது அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

மூக்கும் காலும் இரண்டு நோய் இல்லை, பெரும்பாலும் ஒன்றுதான். ஆண் பறவையின் விதைப்பை உடம்புக்குள்ளே, சிறுநீரகத்தின் முன்நுனியை ஒட்டி இருக்கிறது. அங்கே வளரும் சில கட்டிகள் பெண் ஹார்மோனைச் சுரக்கும். நீலம் பழுப்பாவது அதனால்தான். காலுக்கு இறங்கும் நரம்போ சிறுநீரகத்தின் ஊடாகவே போகிறது. விதைப்பை பருத்தாலும் சரி, சிறுநீரகம் பருத்தாலும் சரி, அந்த நரம்பு நசுங்கி ஒரு பக்கக் கால் மட்டும் விழுந்துவிடும். காலை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, கோளாறு மேலே இருக்கிறது. மூக்கு நிறம் மாறாமல் கால் மட்டும் போனால் சிறுநீரகக் கட்டியையும் நினைக்க வேண்டும். பட்ஜி இனத்தில் இரண்டுமே அடிக்கடி வருவதுதான்.

ஒரு விஷயம், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: லுட்டினோ (மஞ்சள்), அல்பினோ (வெள்ளை), ரிசெசிவ் பைட் (திட்டு நிறம்) ஆண்களுக்கு மூக்குச்சதை வளர்ந்த பிறகும் நீலமாகாது, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தே இருக்கும். "நீலம் இல்லையே" என்று பயப்பட வேண்டாம். அதில் பழுப்பு ஏறினால்தான் கவலை.

கட்டி என்று முடிவு கட்டுமுன் கழிக்க வேண்டியவை: கால் வளையம் இறுகியிருக்கிறதா, உள்ளங்காலில் புண் இருக்கிறதா, கூண்டில் துத்தநாகப் பூச்சு உரிந்து அதைக் கொத்துகிறதா. விழுந்து அடிபட்டால் கால் ஒரே நாளில் போகும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் போவது வேறு கதை.

எடையைக் கவனியுங்கள். 38லிருந்து 31 என்றால் 18 சதவீதத்துக்கு மேல். பத்து சதவீதம் குறைந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். தின்றும் மெலிவதற்கு மேக்ரோராப்டஸ் என்ற வயிற்றுப் பூஞ்சையும் காரணமாகலாம். அப்போதுதான் விழுந்த எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், செலவு குறைவு. எக்ஸ்ரேயில் குடல் இடம் தள்ளிப் போயிருப்பதும், பெண் ஹார்மோன் ஏறிய ஆணுக்கு எலும்புகள் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிவதும் நல்ல தடயங்கள்.

அறுவை சிகிச்சை ஏன் தயங்குகிறார்கள் என்றால், 31 கிராம் பறவைக்கு மொத்த ரத்தமே சுமார் 3 மில்லி. 0.3 மில்லிக்கு மேல் போனாலே சிக்கல். கட்டி இருக்கும் இடமோ பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில். டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் இம்ப்ளான்ட் சில பறவைகளில் வளர்ச்சியைத் தள்ளிப்போடும், குணமாக்காது. வலிக்கு மெலாக்ஸிகாம் மருத்துவர் அளந்து கொடுப்பார். மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

ஈப்போவிலேயே கிளினிக் தேடலாம், ஆனால் போகுமுன் போன் செய்து "பறவை பார்க்கிறீர்களா" என்று கேளுங்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். முடியாவிட்டால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை.

வீட்டில்: குச்சிகளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு இறக்குங்கள். ஒரு தட்டைப் பலகை வைத்து மேலே துணி விரியுங்கள். தீனியும் தண்ணீரும் தரையில். தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாததாக இருக்கட்டும், ஒரு காலோடு தடுமாறி விழும். நம் ஊர் வெயிலுக்குப் பகலில் பல்பு தேவையில்லை. மழை இரவில் மட்டும் கூண்டின் ஒரு மூலையில் சூடு வையுங்கள், வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

பழைய கூண்டு

அக்கா நோயைச் சொல்லிவிட்டார், நான் குஞ்சு விஷயத்துக்கு வருகிறேன்.

ஜோடியாகக் கொடுக்காதே தம்பி. அவர் கேட்பது உன் மகனையும் மகளையும் சேர்த்து. கூடப் பிறந்தவை சேர்ந்தால் பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு (சொந்தத்துக்குள் சேர்வதால் வரும் கலப்பு) அளவு 25 சதவீதம். உன் ஆண் அப்படிப் பிறந்ததுதான். அதன் பெட்டை வெளியிலிருந்து வந்திருந்தால் குஞ்சுகளிடம் அந்தக் கலப்பு இல்லை, கணக்கு பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. அண்ணன் தங்கையைச் சேர்த்தால் மறுபடி 25க்கும் மேல், அப்பனே உட்கலப்பில் பிறந்ததால் சுமார் 28. அரைச் சகோதரர் 12.5, ஒன்றுவிட்ட சகோதரர் 6.25. அப்பன் மகளைச் சேர்ப்பதும் 25தான், அதை "லைன்" என்று நல்ல பெயர் வைத்து விற்பார்கள்.

கட்டி, நிறம் மாதிரி ஒற்றை மரபணுக் கணக்கில் வராது, குடும்பப் போக்காக இறங்கலாம். இதில் பெரிய சிக்கல் வயசு. பட்ஜியை 1 வயசிலிருந்து 3 வயசுவரை பொரிக்க வைக்கிறோம், கட்டி தலைகாட்டுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. நோய் தெரியும்போது பேரன் பேத்தி நாலு கூண்டுக்குப் போயிருக்கும். எனவே பெற்றவை எதனால், எந்த வயசில் செத்தன என்பதை எழுதி வைக்காதவனுக்கு எதையும் கழிக்க முடியாது. குஞ்சுக்கு 5 முதல் 8 நாளுக்குள் மூடிய வளையம் போட வேண்டும். தாமதித்தால் கால் நுழையாது, முந்தினால் கழன்று விழும். வளைய எண், அப்பா எண், அம்மா எண், எடை, சாவு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இறகு நிற்காமல் வளர்ந்து துடைப்பம் மாதிரி ஆகும் குஞ்சு ஒன்று பொரித்தால் மட்டும் கணக்கு சுலபம். அப்பா அம்மா இரண்டும் அந்தக் குறையைச் சுமப்பவை, ஒழுங்காகத் தெரியும் சகோதரங்களில் மூன்றில் இரண்டு சுமக்க வாய்ப்பு. அந்த ஜோடியை அன்றே பிரிக்க வேண்டும்.

மகள்களைத் தனிக் கூண்டிலும், மகன்களை ஒன்றாகவும் வை, முட்டையிடும் பானை வைக்காதே. நம் ஊரில் பகல் வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம், குளிர்காலம் வந்து தானாக நிறுத்தும் என்று காத்திருக்க முடியாது. பானை இருந்தால் போட்டுக்கொண்டே இருக்கும்.

பால்மரத்தடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். பெட்டை பட்ஜி, நெஞ்சில் மொச்சைக்கொட்டை அளவு மெத்தென்ற கட்டி, தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரிகிறது, 52 கிராம். இதுவும் அதே வகையா? இன்னொன்று, லுட்டினோ காக்கட்டீல் (கொண்டைக் கிளி) ஆணுக்குக் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை.

கூண்டுக்கார அக்கா

மெத்தென்று, மஞ்சளாக, நெஞ்செலும்பு மேல் நகர்ந்தால் கொழுப்புக் கட்டியாக இருக்கும். உறுதி சொல்ல மருத்துவர் ஊசியில் மாதிரி எடுக்க வேண்டும், நீங்கள் குத்திப் பார்க்கக் கூடாது. சூரியகாந்தி விதையை அடியோடு நிறுத்துங்கள். தினை கலவை நாளுக்கு இரண்டு தேக்கரண்டி மட்டும், கூட சாவிக் கீரை, கங்கோங் கீரை, துருவிய கேரட். பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள், பட்ஜி ஒரு நாள் தின்னாவிட்டாலே சாய்ந்துவிடும். புதிய தீனியைத் தொடுகிறதா என்பதை எச்சத்தின் அளவில் பாருங்கள். மூச்சில் "டிக் டிக்" சத்தமும் குரல் மாற்றமும் இருந்தால் அயோடின் குறைந்து தைராய்டு வீங்கியிருக்கலாம், அது வெளியே தெரியாது. விதை மட்டுமே தின்னும் பறவைக்கு அயோடின் கலந்த கொத்தும் கட்டியைக் கூண்டில் தொங்கவிடுங்கள்.

பழைய கூண்டு

காக்கட்டீல் வழுக்கை லுட்டினோவில் பரம்பரைக் குறை, நோய் இல்லை. இறகு கொத்தும் ஜோடி கூட இல்லையென்று மட்டும் பார்த்துக்கொள். வழுக்கை வழுக்கையோடு சேரக் கூடாது. தலை நிறைய இறகுள்ள சாம்பல் பெட்டையை அந்த ஆணோடு சேர். லுட்டினோ பாலினக் குரோமோசோமில் இருப்பதால் முதல் கூட்டிலேயே மகள்கள் அத்தனையும் லுட்டினோ, மகன்கள் பார்வைக்குச் சாம்பல், உள்ளே சுமப்பவை. அதில் தலை நிறைந்த மகள்களை மட்டும் எடுத்து, சொந்தமில்லாத சாம்பல் ஆணோடு சேர். அந்தக் கூட்டில் எதுவும் லுட்டினோவாக வராது, ஏமாந்துபோய் நிறுத்திவிடாதே. அந்தக் கூட்டு மகன்களைச் சொந்தமில்லாத பெட்டையோடு சேர்க்கும்போது நிறம் வெளியே வரும்.