இலவசப் பள்ளிச் சாப்பாடு, ‘கட்டாய’ ஐபேட்: இங்கிலாந்தில் நீங்கள் கண்டது என்ன?

படிவக்காரன்_ஈஸ்ட்ஹாம்

ஒரு தாய். யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறா, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அரசாங்கம் தாற உதவிப் பணம். பிள்ளையின்ர இலவசச் சாப்பாட்டுக்குக் கவுன்சிலின்ர இணையப் பக்கத்தில மூண்டு தரம் போட்டும் "விவரம் பொருந்தவில்லை" எண்டுதான் வருது. நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் சரி, பிறந்த திகதி சரி. கிரெடிட் கடிதத்தை எடுத்துப் பாத்தா, குடும்பப் பெயர் வாற இடத்தில தகப்பன்ர பேர். படிவத்தில அவ போட்டது புருசன்ர பேர். "அப்பா செத்துப் பன்னிரண்டு வருசம். அவற்ர பேரில எப்பிடிப் பிள்ளைக்குச் சாப்பாடு கேக்கிறது?" எண்டு கேட்டா. அந்தப் பேரைப் போட்ட உடன பச்சை.

கல்வி அமைச்சின்ர சரிபார்ப்பு பெற்றோரின்ர மூண்டு விசயத்தைத்தான் பாக்கும்: குடும்பப் பெயர், பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் நம்பர். எங்கட ஆக்களுக்குப் பாஸ்போட்டில ஒண்டு, பாங்கில ஒண்டு, பள்ளிக்கூடத்தில இன்னொண்டு. படிவத்துக்கு வேண்டியது கிரெடிட் கணக்கில உள்ள எழுத்து மட்டும்தான், எழுத்துக்கு எழுத்து. அதில பிழை இருந்தா பிழையோடயே போடுங்கோ, பிறகு திருத்தலாம். புருசன் பெண்சாதி சேந்து எடுக்கிற கிரெடிட் எண்டா மற்றவரின்ர விவரத்தைப் போட்டும் பாக்கலாம்.

"பொருந்தவில்லை" எண்டா "தகுதி இல்லை" எண்டு அர்த்தமில்லை. கன பேர் அதோடயே விட்டிடுகினம்.

ஒபிஸ்_ஜன்னல்

ஏழாம் வகுப்பு, செப்டம்பர் முதல் வாரம். கன்டீன் கல்லாவில் பிள்ளை விரலை வைக்கிறான், திரை சிவப்பாகிறது. பின்னால் நாற்பது பேர். பாஸ்தாவைத் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதற்கும் காசு வேண்டுமா என்று கண்ணால் கேட்டான்.

அந்த வீட்டுக்கு முழுத் தகுதி இருந்தது. விண்ணப்பித்ததேயில்லை. காரணம் லண்டன். ரிசெப்ஷனிலிருந்து (ஒன்றாம் வகுப்புக்கு முந்திய வருடம்) இரண்டாம் வகுப்புவரை 2014இலிருந்து எல்லாருக்கும் இலவசம். மூன்றிலிருந்து ஆறுவரை 2023 செப்டம்பரிலிருந்து மேயரின் பணம். நியூஹாம் கவுன்சிலில் அதற்கும் வெகு முன்னரே பிரைமரியில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஏழு வருடம் யாரும் படிவம் கேட்கவில்லை, பெற்றோரும் நிரப்பவில்லை. செகண்டரிக்குப் போன அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும். (டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் செகண்டரியிலும் எல்லாருக்கும் கொடுக்கிறது. மற்ற இடத்தில் அதை நம்பி இருக்காதீர்கள்.)

பிரைமரியில் சாப்பாடு சும்மா வந்தாலும் படிவம் போடுங்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருமான அடிப்படையில் பதிவான பிள்ளைக்குத்தான் பள்ளிக்குப் பியூபில் பிரீமியம் என்ற கூடுதல் அரசுப் பணம் வரும். 2025-26இல் பிரைமரிக்கு 1,515 பவுண், செகண்டரிக்கு 1,075. எண்ணிக்கை எடுப்பது அக்டோபர் கணக்கெடுப்பில். அதற்கு முன் பதிவாக வேண்டும். ஒருமுறை பதிவானால் ஆறு வருடம் அந்தப் பணம் வரும். பள்ளிப் பயணம், இசை வகுப்பு, சில இடங்களில் லேப்டொப் இரவல் எல்லாம் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

விண்ணப்பத்தை அனேகமாக பிள்ளையின் பள்ளி இருக்கும் கவுன்சிலுக்குத்தான் போட வேண்டும், வீடு இருக்கும் கவுன்சிலுக்கு அல்ல. பிரைமரி ஒரு கவுன்சில், செகண்டரி இன்னொன்று என்றால் பழைய பதிவு தானாக வராது. போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன் ஏறிய சாப்பாட்டுக் கடன் பெற்றோர் தலையில்.

கும்பகோணம்_டு_ஹேரோ

மேலே சொன்ன எல்லாம் யூனிவர்சல் கிரெடிட் இருக்கிறவங்களுக்கு. ஸ்கில்டு வொர்க்கர், கேர் வொர்க்கர் விசாவில் வந்தவங்களுக்கு அது கிடையாது. விசாவிலேயே பொது நிதி கூடாதுன்னு போட்டிருக்கும். அப்படி ஒரு அப்பா, படிவத்தில் "எந்த உதவித்தொகை பெறுகிறீர்கள்" கேள்வி வந்ததும் போனை அணைச்சுப் பாக்கெட்டில் வச்சுட்டார். "விசா போயிடும் சார், வேண்டாம்."

போகாது. பள்ளிச் சாப்பாடு குடியேற்றச் சட்டத்தின் ‘பொது நிதி’ பட்டியலிலேயே இல்லை. 2022லிருந்து இவங்களுக்கும் நிரந்தரமா உண்டு. வரம்பு, வரி போக வருஷ வருமானம்:

லண்டனில் ஒரு பிள்ளைன்னா 31,200 பவுண்டு, ரெண்டோ அதுக்கு மேலயோன்னா 34,800.
லண்டனுக்கு வெளியே 22,700, 26,300.
சேமிப்பு 16,000க்குள்ள இருக்கணும்.

இது ஆன்லைன் சரிபார்ப்பில் வரவே வராது. கணினி "பொருந்தவில்லை"ன்னுதான் சொல்லும். பள்ளி அலுவலகத்திலோ கவுன்சிலிலோ தாளை வச்சு ஒரு ஆள் பார்க்கணும். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், விசா நிலை இதெல்லாம் எடுத்துட்டுப் போங்க. ஜன்னல்ல இருக்கறவங்களுக்கே சில சமயம் இந்த விதி தெரியாது. "பொது நிதி இல்லாத குடும்பங்களுக்கான இலவச உணவு வழிகாட்டுதல்"னு பேர் சொல்லிக் கேளுங்க.

ரூல்புக்

யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவரின் உழைப்பு வருமானம் வருடம் 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதியை வைத்து இனி யாரும் குழம்ப வேண்டியதில்லை. அரசு 2025 ஜூனில் அறிவித்தபடி 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் இருந்தாலே போதும். @ஒபிஸ்_ஜன்னல் ‘வருமான அடிப்படை’ என்று பழைய கதையை எதற்கு இழுக்கிறீர்கள்?

ஒபிஸ்_ஜன்னல்

@ரூல்புக் சாப்பாட்டுக்கு அது சரி. பியூபில் பிரீமியத்துக்குப் பழைய 7,400 வரம்பேதான் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. பாதி வாசித்துவிட்டு ‘இனிக் குழப்பம் இல்லை’ என்று எழுதாதீர்கள்.

அந்த வரம்பை வருடக் கணக்காக யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கலே. கடைசி மூன்று கிரெடிட் மாதங்கள்வரைதான் பார்ப்பார்கள்: ஒரு மாதத்துக்கு 616.67, இரண்டுக்கு 1,233.34, மூன்றுக்கு 1,850. இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கும் கடை வேலையைப் பாருங்கள். கையில் 560. வருடத்துக்கு 13 சம்பளம், 7,280. வரம்புக்குள்தான். சாதாரண மூன்று மாதத்தில் 1,680, அதுவும் சரி. ஆனால் வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதமும் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு 2,240. தகுதியில்லை என்று வரலாம். அது நழுவிப் போனதும் திரும்பப் போட்டால் ஆம் என்று வரும். ஒருமுறை மறுத்துவிட்டார்கள் என்று வருடம் முழுக்க விட்டுவிடுவது இங்கே பெரிய நட்டம்.

படிவக்காரன்_ஈஸ்ட்ஹாம்

அந்தச் சிவத்தத் திரையைப் பற்றி ஒண்டு. விரல் ரேகை கட்டாயமில்லை. 2012 சட்டப்படி பெற்றோர் எழுத்தில சம்மதிச்சாத்தான் எடுக்கலாம். வேண்டாம் எண்டா காட்டோ பின் நம்பரோ தரத்தான் வேணும். மற்றது, கன பள்ளிக்கூடங்களில அண்டைக்குரிய இலவசச் சாப்பாட்டுக் காசு அண்டைக்கே முடிஞ்சிடும், மிச்சம் அடுத்த நாளுக்கு வராது. சில இடத்தில மத்தியானம்தான் ஏறும், பிரேக்குக்கு ஏறாது. காலையிலயே ஏறுற இடத்தில பிள்ளை பத்தரைக்கு ஒரு பணிஸ் வாங்கினா மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு காணாது. எந்த நேரம் ஏறுது எண்டு ஒபிசில கேளுங்கோ.

எம்டிஎம்_டெக்னீஷியன்

சாப்பாடு போதும், ஐபேடுக்கு வருவோம்.

ஐபேடை மாதத் தவணையில் வாங்கச் சொல்ற பள்ளித் திட்டத்தில் தவணை அதிகம்னு ஒரு அம்மா ஆன்லைனில் பழைய ஐபேட் வாங்கிட்டாங்க. 110 பவுண்டு. பெட்டியெல்லாம் சுத்தம். ஆன் பண்ணி வைஃபை கொடுத்ததும் திரையில் வேறொரு ஊர்ப் பள்ளியோட பேரு, "இந்தச் சாதனம் தொலைவிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது". பையன் சத்தமா வாசிச்சான். அம்மாவுக்குப் புரியல, திரும்ப வாசிக்கச் சொன்னாங்க.

அது அழிச்சாலும் போகாது. ரீசெட் பண்ணி வைஃபை கொடுத்த நிமிஷம் ஆப்பிள் சர்வர் பழைய உரிமையாளரோட பூட்டைத் திரும்பப் போட்டுடும். அந்தப் பள்ளியே தன் கணக்கிலிருந்து விடுவிக்கணும். குரோம்புக்கும் இதே கதை: பவர்வாஷ் (அதுல ரீசெட்டுக்கு அந்தப் பேரு) பண்ணினாலும் பழைய பள்ளியின் பதிவுத் திரைதான் வரும். அதனால பழசு வாங்குறதா இருந்தா, விக்கிறவர் முன்னாடியே முழுசா ரீசெட் பண்ணி, வைஃபையில் சேர்த்து, வரவேற்புத் திரையிலிருந்து முகப்புத் திரை வரைக்கும் போங்க. ஏற்கெனவே ஆன் ஆகி இருக்கிற ஐபேடைப் பார்த்து ஏமாறாதீங்க.

பூட்டு இல்லாத ஐபேடா இருந்தாலும் பள்ளியில் சேர்க்க முடியாமல் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் வழியா வாங்கினதுதான் பள்ளியின் ஆப்பிள் கணக்கில் தானாக விழும். மத்ததைக் கையால சேர்க்கணும், பிறகு 30 நாள் தற்காலிகக் காலம், அதுக்குள்ள பிள்ளையே வெளியேறிக்க முடியும். அதனாலதான் நிறைய பள்ளிகள் வேண்டாம்ங்கறாங்க. கமிஷனுக்காகத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு எல்லாப் பள்ளியையும் நினைக்காதீங்க.

குரோம்புக்னா செட்டிங்ஸில் ‘குரோம்ஓஎஸ் பற்றி’ பக்கத்தில் எந்த வருஷம் வரை அப்டேட்னு இருக்கும். 60 பவுண்டுக்குக் கிடைக்கிறதில் நிறைய தேதி முடிஞ்சது. கணினி ஓடும், பள்ளிச் செயலி ஒண்ணொண்ணா நின்னு போகும்.

ரூல்புக்

@எம்டிஎம்_டெக்னீஷியன் பூட்டெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, அதை வாங்கச் சொல்ல பள்ளிக்கு உரிமை இருக்கிறதா என்பது. 1996 கல்விச் சட்டப்படி, பள்ளி நேரத்தில் நடக்கும் பாடத்துக்கு வேண்டிய கருவியைப் பெற்றோர் வாங்கித்தர வேண்டும் என்று அரசுப் பள்ளி கட்டாயப்படுத்த முடியாது, அதற்குக் கட்டணமும் வாங்க முடியாது. (சீருடை வேறு.) அகாடமிகளுக்கும் நிதி ஒப்பந்தத்தின் வழி இதே விதி. அவர்களால் கேட்க முடிந்தது ‘தன்னார்வப் பங்களிப்பு’ மட்டும். கொடுக்காத வீட்டுப் பிள்ளையை வேறு மாதிரி நடத்தவும் கூடாது.

ஒரு குடும்பத்துக்கு வந்த கடிதத்தில் தடித்த எழுத்தில் ‘எல்லா ஏழாம் வகுப்பு மாணவருக்கும் தேவை’. மாதம் 14 பவுண்டு, 36 தவணை. பெருக்கினால் 504. கடைசிப் பக்கம், அடிக்குறிப்பு அளவு எழுத்தில், ‘இந்தப் பங்களிப்பு தன்னார்வமானது’. கையெழுத்துப் போட்டு ஒன்பது தவணை கட்டிய பிறகு அந்த வரியைக் கண்டார்கள்.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியது: பள்ளி இணையதளத்தில் கட்டணம், விலக்கு பற்றிய கொள்கை இருக்கும். அதைத் தரவிறக்கி, ‘சாதனம்’ என்று தேடுங்கள். பிறகு மின்னஞ்சல், இரண்டு வரி போதும்: "எங்களால் பங்களிக்க இயலாது. பாடத்துக்குத் தேவையான சாதனத்தைப் பள்ளி எப்படித் தரும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." நேரில் பேசாதீர்கள். நேரில் பேசினால் தவணையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்: 36 மாதம் முடிந்ததும் சாதனம் யாருடையது, உடைந்தால் முதலில் நாம் கட்டும் தொகை எவ்வளவு, நடுவில் பள்ளி மாறினால் மீதித் தவணை என்னாகும்.

எம்டிஎம்_டெக்னீஷியன்

@ரூல்புக் சட்டம் சரிதான். ஆனா பள்ளி இரவல் தர்ற சாதனம் பல இடத்தில் வீட்டுக்குப் போகாது, மூணரைக்கு வாங்கி அலமாரியில் வச்சுடுவாங்க. வீட்டுப்பாடம் மட்டும் ஆன்லைன்ல. அதையும் மின்னஞ்சல்ல கேளுங்க, "வீட்டுக்கு எடுத்துப்போகலாமா"ன்னு.

கும்பகோணம்_டு_ஹேரோ

வீட்டில் இணையம் இல்லாமல் போன் டேட்டாவில் ஓட்டுறவங்களுக்கு: நேஷனல் டேட்டாபேங்க்னு இருக்கு, குட் திங்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துறது. டேட்டா போட்ட சிம் இலவசம். சில நூலகம், சமூக மையங்கள்ல கேட்டா தருவாங்க.

கணக்கு வீட்டுப்பாடத்தை ஸ்பார்க்ஸ்ங்கற இணையதளத்தில் போடச் சொல்ற பள்ளியா? நோட்டுல ஒவ்வொரு கணக்குக்கும் மேல திரையில் காட்டுற குறியீட்டை எழுதிட்டுச் செய்யச் சொல்லுங்க. பிறகு அந்தக் குறியீட்டைக் காட்டி விடை கேட்கும், எழுதலைன்னா அதே மாதிரிக் கணக்கைத் திரும்பப் போடணும், டேட்டாவும் போகும்.

புதுசு_லூட்டன்

கல்குலேட்டருக்கும் ரூல்புக் சொன்ன அந்தச் சட்டம் உண்டா? கேசியோ 83 ஜிடி சிடபிள்யூ என்று எழுதி அனுப்பியிருக்கினம். அண்ணன்ர பழைய ஜிடிஎக்ஸ் வீட்டில கிடக்கு.

ஒபிஸ்_ஜன்னல்

பழையது பரீட்சைக்குச் செல்லும். பட்டன் இடமும் மெனுவும் மாறியிருப்பதால் ஆசிரியர் சொல்லும் வரிசை பொருந்தாது, அவ்வளவுதான். கடனாகத் தரக் கணிதப் பிரிவில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், பேட்டரி மூடி உள்ளதாய்ப் பார்த்து எடுங்கள்.