புனலூர் வண்டியைச் செங்கோட்டைக்குக் கொண்டுவரலாமா?

வணக்கம் நண்பர்களே. அம்மாவைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, ஒரு பழைய சின்ன கார் தேடுகிறேன். கையில் இருப்பது ஒன்றரை லட்சம். பெயர் மாற்றும் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

கேரளாவில், புனலூரில் 2012 வேகன் ஆர் ஒன்று விலை படிகிறது, கே.எல். 25 பதிவு. ஓட்டிப் பார்த்தேன், கிளட்ச் மட்டும் கொஞ்சம் கனம். ஆனால் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தபோது, அடிப்பக்கம் பழுப்பாக ஒரு கறை. ஸ்டெப்னி குழியிலும் துரு. 2018 வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. வண்டிக்காரர் அப்படி இல்லவே இல்லை என்கிறார், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

அப்புறம், இங்கேயே வைத்து ஓட்டினால் 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கணும், இங்கே சாலை வரி கட்டணும். 2027இல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிப்பும் வந்துவிடும்.

சமீபத்தில் இப்படி மாற்றியவர்கள், வரி எவ்வளவு ஆனது என்று தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த மெக்கானிக் தென்காசிப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள், கையோடு புனலூருக்குக் கூட்டிப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.