காத்மாண்டுல தங்கா வாங்கணும், கையால வரைஞ்சதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

நாடோடி_மனசு:
அடுத்த மாசம் நேபாளம் போறோம். பௌத்தநாத் ஸ்தூபிய சுத்தி தங்கா கடைங்க நிறைய இருக்குன்னு சொல்றாங்க, அதான் துணியில சாமி படம் வரைஞ்சு ஓரத்துல ஜரிகைத் துணி தச்சு சுருட்டி வைப்பாங்களே, அது. ஆன்லைன்ல பாத்தா ஒரே வெள்ளைத் தாரா (பௌத்தப் பெண் தெய்வம்) படம், ஒண்ணு சல்லிசா இருக்கு இன்னொண்ணு தலை சுத்துற விலை. கேட்டா இது ஸ்டூடண்ட் வேலை அது மாஸ்டர் வேலைங்கறாங்க. நம்பலாமா? வீட்ல கண்ணாடி பிரேம் போட்டு மாட்டலாமா?

கோட்டுக்கிறுக்கன்:
கையில ஒரு சின்ன லென்ஸ் வச்சுக்கோங்க. புள்ளி புள்ளியா தெரிஞ்சா பிரிண்ட். ஆனா பிரிண்ட் மேலயே முகத்துக்கும் நகைக்கும் பெயிண்ட் தடவி விக்கிற ஆளுங்களும் உண்டு, அதனால முகத்த விட்டுட்டு மூலையில இருக்கிற மேகம், மலை, தாமரை இதழ்னு யாரும் கண்டுக்காத இடமா பாருங்க.

ஸ்டூடண்ட், மாஸ்டர்ங்கறதுக்கு எந்த சர்டிபிகேட்டும் கிடையாது, கடைக்காரர் சொல்றதுதான். பட்டறையில சிஷ்யப் பசங்க பின்னணி கலர் அடிப்பாங்க, குரு கோடும் முகமும் போடுவார், இது காலங்காலமா நடக்கிறது, ஏமாத்து வேலை இல்ல. நான் பாக்கிறது வானம்தான். கரு நீலத்துல இருந்து வெளுத்துக்கிட்டே வரணும், அத நுனி பிரஷ்ஷால கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறதுக்கு அசாத்திய பொறுமை வேணும். பட்டை பட்டையா இருந்தா அவசர வேலை. அப்புறம் கண்ணு. கடைசியாத்தான் திறப்பாங்க, அங்க கை நடுங்கியிருந்தா மொத்த படமும் போச்சு.

சுண்ணாம்புக்கட்டி:
மேல சொன்னது சரி. கலரையும் கேளுங்க. பருத்தித் துணிய சட்டத்துல இழுத்துக் கட்டி, சுண்ணாம்புத் தூளும் தோல் பசையும் பூசி, கல்லு வச்சு வழவழன்னு தேச்சுட்டுத்தான் வரையவே ஆரம்பிப்பாங்க. பழைய முறைன்னா நீலத்துக்கு அசுரைட், பச்சைக்கு மாலகைட், சிவப்புக்கு சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், எல்லாம் கல்ல அரைச்சு எடுத்தது. இப்ப நிறைய பேர் ரெடிமேட் கலர்தான் போடறாங்க, அது தப்பில்ல, கல்லு கலர் விலை வாங்கிட்டு இத குடுத்தாதான் தப்பு. பசையில கலந்த கலர்ங்கறதால ஈரத்துணி பட்டா கரைஞ்சிடும், தூசின்னு துடைச்சிடாதீங்க.

பின்பக்கம் நெத்தி, தொண்டை, நெஞ்சுக்கு நேரா ஓம் ஆ ஹூம்னு மந்திர எழுத்து எழுதியிருந்தா பூஜைக்காக எழுதினதுன்னு அர்த்தம். இல்லன்னா போலின்னு முடிவு கட்டிடாதீங்க.

பழசுப்பித்தன்:
நூறு வருஷப் பழசுன்னு யாராவது சொன்னா அங்கயே திரும்பிடுங்க. புகை காட்டி கருக்க வைக்கிறது ஊரறிஞ்ச வித்தை. நிஜமாவே 100 வருஷம் தாண்டினதுன்னா இன்னும் வம்பு, நேபாளத்த விட்டு வெளிய கொண்டு போகக்கூடாது. புதுசா இருந்தாலும் பழசு மாதிரி தெரிஞ்சா ஏர்போர்ட்ல பிரச்சினை வரும், தொல்லியல் துறைகிட்ட கிளியரன்ஸ் வாங்கித் தர முடியுமான்னு கடையிலயே கேட்டுக்கோங்க. பழைய வேலைதான் பாக்கணும்னா நம்ம நாட்டுலயே பாட்னா மியூசியத்துல ராகுல் சாங்கிருத்தியாயன் திபெத்துல இருந்து கொண்டு வந்த தங்காக்கள் இருக்கு.

சுண்ணாம்புக்கட்டி:
பிரேம் மேட்டர யாரும் சொல்லல. போடலாம், ஆனா கண்ணாடி ஓவியத்துல ஒட்டாம நடுவுல இடம் விடச் சொல்லுங்க, ஈரம் சேந்தா கலர் கண்ணாடியில ஒட்டிக்கும். வெயில் நேரா படற சுவர் வேணாம். பூடான்ல பாரோ திருவிழாவுல பெரிய துணிப்படத்த விடியறதுக்கு முன்னாடி விரிச்சு, வெயில் மேல விழறதுக்குள்ள சுருட்டிடுவாங்க. அடிக்கடி சுருட்டி விரிச்சாலும் கலர்ல விரிசல் வரும்.

நாடோடி_மனசு:
எல்லாருக்கும் நன்றி. வெள்ளைத் தாராதான் எடுக்கப் போறேன், அதுல தனியா பாக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

கோட்டுக்கிறுக்கன்:
இருக்கு. அவளுக்கு மொத்தம் 7 கண்ணு. முகத்துல ரெண்டு, நெத்தியில ஒண்ணு, ரெண்டு உள்ளங்கை, ரெண்டு உள்ளங்கால். கையும் காலும் லென்ஸ் வச்சு பாருங்க, அங்க கண்ணுக்குப் பதிலா வெறும் கறுப்புப் பொட்டு வச்சிருந்தா அடுத்த கடைக்குப் போயிடுங்க.